வளைவு இருக்கட்டும், தோட்டங்களுக்கு முடிவு சொல்லுங்கள்

சங்கத்து உறவுகள் அனைவருக்கும் மஸ்கட்டிலிருந்து வணக்கம்.

தை பிறந்ததிலிருந்து வந்த மடல்களை எல்லாம் படித்தேன். மெல்போர்ன் சித்தப்பா ஊரில் உள்ள தன் காப்பித் தோட்டத்துக்குக் கணக்குக் கேட்டிருக்கிறார். மேட்டு வீட்டு அண்ணன் நினைவாக ஊர் நுழைவில் வளைவு கட்ட வேண்டும், வீட்டுக்கு 15,000 ரூபாய் அனுப்புங்கள் என்று நியூஜெர்சித் தம்பி எழுதியிருக்கிறார். அந்த வளைவு பக்கத்து ஊர் வளைவைவிட உயரமாக இருந்தால்தான் நமக்கு மரியாதை என்பது சிங்கப்பூர் மாமாவின் கருத்து. மூன்று மடல்களும் அந்த மேட்டு வீட்டுக்காரனை, மறைந்த என் மாப்பிள்ளையைச் சொல்லித்தான் தொடங்குகின்றன. இரண்டாம் வரிக்குப் பிறகு எதிலும் அவனைக் காணோம். வெளிநாட்டில் இருக்கும் நமக்காக நம் தோட்டங்களைப் பார்த்துக்கொண்ட அவன் யார், நம் ஒவ்வொரு வீட்டுக்கும் என்ன செய்தான் என்று எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவன் என் தாய்மாமன் மகன், என் தங்கையின் கணவன். ஒரே ஆவணியில் ஒரே வீட்டில் பிறந்தோம். எனக்கு அம்மாச்சி, அவனுக்கு அப்பத்தா. அந்தக் கிழவி ஒரே தொட்டிலில் எங்கள் இருவரையும் போட்டு ஆட்டியதாகச் சொல்வாள். அவன் மறைந்தது மார்கழிக் கடைசியில், காப்பிப் பழம் எடுப்பு பாதியில் இருந்தபோது. காலையில் களத்தில் காய்ந்த காப்பியைக் கிளறிவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தவன், மார்பு வலிக்கிறது என்றானாம். ஜீப்பில் ஏற்றி ஊத்து என்ற ஊர் வழியாக மலைக்குக் கீழே வத்தலக்குண்டுக்கு இறக்கினார்கள். டம் டம் பாறையைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

சித்தப்பாவின் மகள் பொங்கல் விடுமுறைக்கு வந்து தோட்டத்தைப் பார்த்தபோது அவன் போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை. செடியிலேயே பழம் கறுத்துத் தொங்குகிறது, சில்வர் ஓக் மரங்களைக் காணவில்லை, நல்ல செடிகளைப் பிடுங்கி எரித்திருக்கிறார்கள், யாரும் கவனிக்கவில்லை என்று அந்தப் பெண் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். படங்கள் எடுத்து அனுப்பியிருக்கிறாள். கண்ணில் பட்டதைச் சொன்ன பிள்ளைமேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் சித்தப்பா, தோட்டத்திலிருந்து மேட்டு வீட்டுக்கு எத்தனை எட்டு? படியேறித் துக்கம் கேட்டிருந்தால், அந்த வீட்டுத் திண்ணையிலேயே எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்திருக்கும். அங்கே போகாமல் மெல்போர்னுக்குப் போன அந்தக் கேள்வி, அங்கிருந்து இத்தனை பேர் படிக்கும் குழுவுக்கு வந்துவிட்டது. என் தங்கையும் படித்துவிட்டாள். தாலியைக் கழற்றி ஒரு மாதம் ஆகாதவள், இரவெல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள் என்று அவள் மகள், என் மருமகள், சொன்னாள்.

அந்த நோட்டுகள் இப்போது என்னிடம் படமாக இருக்கின்றன. காலிகோ அட்டை போட்ட நீள நோட்டுகள், வெளிநாட்டில் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக. அட்டையில் ஆளின் பெயர் இல்லை, வீட்டின் பெயர்தான்: கல்வீடு, கிணற்றடி, கோயில் தெரு, பெரிய தோட்டம். உள்ளே இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று. எத்தனை கிலோ பழம், யார் எடுத்தார்கள், என்ன கூலி, கிளை கழிக்கும் கவாத்துக்கு எத்தனை ஆள், சுண்ணாம்பு எத்தனை மூட்டை, மிளகு எவ்வளவு, எல்லாம் அவனுடைய குண்டு எழுத்தில் இருக்கின்றன. விற்ற ரசீதைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறான்.

சித்தப்பா கேட்ட மரங்களின் கணக்கு கல்வீட்டு நோட்டில் 2018-ஆம் ஆண்டில் இருக்கிறது. அந்த ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் திண்டுக்கல் வழியாக நம் கொடைக்கானல் மலைமேலும் ஏறி வந்தது. டெல்டாவில் தென்னை விழுந்ததை உலகமே பார்த்தது. நம் மலையில் சில்வர் ஓக்கும் பலாவும் விழுந்ததைப் பார்த்தவர்கள் குறைவு. உங்கள் ஏழு மரங்களும் அன்றைக்கே சாய்ந்துவிட்டன. ஒன்று மின்கம்பிமேல், இரண்டு வேலையாட்கள் குடியிருந்த வீட்டின்மேல். மலைப்பகுதியில் மரத்தில் கை வைப்பதற்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அனுமதி இல்லாமல் எதையும் வெட்டக் கூடாது என்பது உங்களுக்கும் தெரியும். விழுந்த மரத்தை அறுத்துக் கீழே இறக்குவதற்குக்கூட அவன் அலுவலகம் அலுவலகமாக அலைந்தான். கடைசியில் மரம் விற்ற தொகை, இடிந்த வீட்டுக்குக் கூரை போட்ட செலவு, மீதம், மூன்றும் நோட்டில் இருக்கின்றன. மீதம் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறிய தேதியும் இருக்கிறது. அந்த டிசம்பரில் இதே குழுவுக்கு அவன் மகளை விட்டுத் தட்டச்சு செய்து, எந்தத் தோட்டத்தில் எத்தனை மரம் விழுந்தது என்று பட்டியல் போட்டு அனுப்பினான். பழைய மடல்களைத் தேடிப் பாருங்கள். பதில் எழுதியவர்கள் இரண்டே பேர்.

பிடுங்கி எரித்த செடிகளைப் பற்றியும் சொல்கிறேன். சில்வர் ஓக் மாதிரி நிழல் மரம் போனால் நம் அராபிகா காப்பிச் செடிக்குத் தண்டுத்துளைப்பான் வண்டு வரும். தண்டில் வரிவரியாகப் புடைப்பு தெரிந்தால் அந்தச் செடியை வேரோடு பிடுங்கி எரிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. விட்டு வைத்தால் உள்ளே இருக்கும் வண்டு வெளியே பறந்து அடுத்த செடியில் முட்டையிடும். தோட்டத்தில் கரி பிடித்த இடங்களைப் பார்த்தால், யாரோ செடி செடியாகத் தண்டைத் தடவிப் பார்த்திருக்கிறான் என்று புரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது விலைக்கு வருகிறேன். 2025 பிப்ரவரியில் உலகச் சந்தையில் அராபிகா அதுவரை காணாத விலைக்குப் போனது. அந்தச் செய்தியைப் படித்த பிறகு நம்மில் பலருக்குத் தோட்டம் ஞாபகம் வந்துவிட்டது. அந்தப் பருவத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் சேர வேண்டியதை அவன் செலுத்திவிட்டான், ரசீதும் இருக்கிறது. ஆனால் 2001, 2002-இல் விலை பாதாளத்துக்குப் போனதே, பழம் எடுக்கும் கூலிகூடத் தேறாமல் பல ஊர்களில் பழத்தை அப்படியே விட்டார்களே, அந்த இரண்டு ஆண்டுகளின் பக்கங்களையும் எல்லோரும் பார்க்க வேண்டும். வலப்பக்கம் நிறைந்திருக்கிறது, இடப்பக்கம் வெறுமையாக இருக்கிறது. கல்வீட்டிலும் அப்படித்தான், கோயில் தெருவிலும் அப்படித்தான். கீழே ஒரே ஒரு வரி: “பிறகு பார்த்துக்கொள்ளலாம்.” அந்தப் பற்றை அவன் யாரிடமும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டுக் கணக்கில் கழிக்கவும் இல்லை. தன் மாட்டை விற்றான், தங்கையின் வளையல் அடகுக்குப் போனது. அதை எனக்குச் சொன்னவள் என் அம்மா; அவன் வாயால் கடைசிவரை சொல்லவில்லை.

நஷ்டத்துக்கு எதற்குப் பழம் எடுத்தான் என்று கேட்பீர்கள். காய்த்துளைப்பான்தான் காரணம். 1990-இல் கூடலூர்ப் பக்கம் அந்த வண்டை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டார்கள். பிறகு நம் மலைக்கும் வந்தது. கடுகளவு வண்டு, காயின் நுனியில் ஊசித் துளை போட்டு உள்ளே போய்க் குடும்பம் நடத்தும். செடியில் விட்ட பழத்திலும் தரையில் உதிர்ந்த பழத்திலும் தங்கியிருந்து, அடுத்த ஆண்டுக் காய் முற்றும்போது வெளியே வரும். ஆகவே ஒரு தோட்டத்தில் பழத்தை விட்டுவைத்தால் சுற்றியிருக்கும் அத்தனை தோட்டமும் கெடும். ஆள் இல்லாத தோட்டம்தான் ஊருக்கு முதல் எதிரி என்பான். நாம் எல்லோரும் ஆள் இல்லாத தோட்டக்காரர்கள். நம் தோட்டங்களில் உதிர்ந்த பழத்தைக்கூட ஆள் விட்டுப் பொறுக்க வைத்தான். சிவந்த பழம் வரும் வீட்டில்தான் எல்லோரும் பங்கு கேட்பார்கள். உதிர்ந்து கறுத்த பழத்துக்கு யார் பங்கு கேட்டார்கள்?

எனக்கும் அவனுக்கும் இருந்த கணக்கு வேறு. பத்தாம் வகுப்பு வரை பண்ணைக்காட்டுக்கு ஒன்றாக நடந்தோம். மழைக்காலத்தில் அட்டை ஏறாமல் இருக்கக் காலில் வேப்பெண்ணெயும் புகையிலையும் தேய்த்துவிடுவாள் அம்மாச்சி. வகுப்பில் எங்கள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். வழியில் கல்திட்டைக்குள் புகுந்து மழை விடும்வரை உட்கார்ந்திருப்போம். வாழைத்தார் ஏற்றிய குதிரைகள் மணி ஒலிக்க இறங்கிப் போகும். குதிரைக்காரருக்கு ஓடிப்போய் வழி ஒதுக்கிவிட்டால் ஒரு சீப்பிலிருந்து இரண்டு பழம் பிய்த்துத் தருவார். பெரிய பழத்தை என்னிடம் கொடுத்துவிட்டுச் சின்னதைத்தான் அவன் உரிப்பான். அவனுக்குப் பசியே கிடையாது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பு அவன் அப்பா, என் தாய்மாமா, போய்விட்டார். அப்போதெல்லாம் விளைந்த காப்பியை நாமே விற்க முடியாது, காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். பணம் தவணை தவணையாகத்தான் வரும். அந்தக் கட்டை 1996-இல்தான் முழுதாக அவிழ்த்துவிட்டார்கள். மாமா ஒப்படைத்த காப்பிக்குத் தவணை வருவதற்கு முன்பே கடன்காரர்கள் வந்துவிட்டார்கள். அவன் பள்ளிக்கூடப் பையை என் வீட்டில் வைத்துவிட்டு மறுநாள் மண்வெட்டியை எடுத்தான். என்னைவிட நன்றாகப் படித்தவன்; கணக்கில் அவன் தாளைப் பார்த்துத்தான் நான் சரிபார்ப்பேன். எனக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தபோது என் அப்பாவிடம் பணம் இல்லை. வாழைத்தார் விற்ற பணத்தைத் துண்டில் முடிந்துகொண்டு வந்து அம்மாவிடம் கொடுத்தான். “மச்சான் படிக்கட்டும் அத்தை, தோட்டம் எங்கேயும் போய்விடாது” என்றான். அவனுக்கு அப்போது பதினேழு வயது. அந்தப் பணத்தில் நான் மஸ்கட் வந்தேன், என் பிள்ளைகள் படித்தார்கள். திருப்பிக் கொடுக்கப்போன ஒவ்வொரு முறையும் பேச்சை மாற்றிவிடுவான்.

மலைவாழையைப் பற்றிப் பேசினால்தான் அவன் வாய் திறக்கும். விருப்பாச்சி என்னும் அந்த வாழை நம் மலை முழுக்க இருந்த காலத்தை எங்கள் வயதுக்காரர்கள் அறிவோம். முடிக்கொத்து நோய் வந்து இலையெல்லாம் உச்சியில் கொத்தாகக் குறுகி, தாரே போடாமல் மரம் மரமாக அழிந்தது. மருந்து கிடையாது, நோய் கண்டதைக் கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். பலர் வாழையையே விட்டுவிட்டார்கள். அவன் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்துக்கு நடையாய் நடந்து, நோயில்லாத கன்று வாங்கி, தன் பங்கில் முதலில் நட்டு, தேறியதைப் பார்த்த பிறகுதான் நம் தோட்டங்களில் நட்டான். கன்றுக்கு நம்மிடம் காசு வாங்கவில்லை. 2019-இல் பழநிப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி வந்த அன்று இரவு எனக்குத் தொலைபேசி செய்தான். “மச்சான், அதில் போடுவது நம் பழம்” என்றான். அவ்வளவு சத்தமாக அவன் பேசி நான் கேட்டதில்லை. தைப்பூசத்துக்கு ஆண்டுதோறும் நடந்தே பழநிக்குப் போவான். தோளில் ஒரு சீப்பாவது மலைவாழை இருக்கும். இந்தத் தைப்பூசத்துக்கு அவன் மகள் போனாள்.

தாண்டிக்குடியில் காப்பி ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் கூட்டம் போட்டால் முதல் வரிசையில் இருப்பான். கேட்டு வந்ததை மறுநாள் நம் வேலையாட்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். இதெல்லாம் யாருக்கும் தெரியாது. அவனும் எழுதிக்கொண்டிருக்கவில்லை.

வளைவு விஷயம். நியூஜெர்சித் தம்பி, உங்கள் அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. உங்கள் அப்பா படுக்கையில் கிடந்த மாதங்களில் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டியவன் அவன். அந்த நன்றியில்தான் எழுதுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கோயில் திருப்பணி நடந்தபோது நன்கொடைக் கல்லில் தன் பெயரை வெட்டவிடாமல் சிற்பியின் கையைப் பிடித்து நிறுத்தியவனுக்குச் சிமெண்டில் வளைவா? சிங்கப்பூர் மாமா, பக்கத்து ஊர் வளைவைப் பற்றி உங்களுக்கு ஆதங்கம் இருக்கிறது. அந்த ஊரில் இந்த ஆண்டு எத்தனை தோட்டம் சுற்றுலாக் காட்டேஜுக்காகக் கைமாறியது என்று கேட்டுப் பாருங்கள். வளைவு நிற்கிறது, உள்ளே ஊர்க்காரனின் தோட்டம் குறைந்துகொண்டு வருகிறது. நம் ஊரில் இன்னும் ஒரு தோட்டமும் கைமாறவில்லை என்றால், புரோக்கர்கள் ஜீப்பில் வந்த ஒவ்வொரு முறையும் பட்டாக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், என்னிடம் பேசுங்கள் என்று முன்னால் போய் நின்றவன் ஒருவன் இருந்தான். ஊருக்கு மரியாதை வேண்டும் என்றால் அதைச் சொல்லிப் பெருமைப்படுவோம்.

பெரிய தோட்டத்து அண்ணன் இதுவரை ஒரு வரிகூட எழுதவில்லை. பாதை விவகாரத்துக்குப் பிறகு மேட்டு வீட்டோடு பேச்சில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அண்ணா, உங்கள் நோட்டும் பெட்டியில் இருந்தது. பேச்சு நின்ற பிறகும் ஓர் ஆண்டுகூட விடாமல் எழுதியிருக்கிறான். உங்கள் தோட்டத்து ஆரஞ்சு மரங்களில் கடைசியாகப் பிழைத்த இரண்டுக்கு உரம் வைத்த செலவுகூட இருக்கிறது. இதைக் குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு இந்தக் குழுவிலிருந்து நான் ஒருவன்தான் போயிருந்தேன். தூரம், லீவு, டிக்கெட் விலை எல்லாம் எனக்கும் தெரியும், யாரையும் குறை சொல்லவில்லை. வந்தவர்கள் யார் என்றுதான் சொல்ல வேண்டும். நம் தோட்டங்களில் பழம் எடுக்கும் பெண்கள் அத்தனை பேரும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார்கள். பளியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து ஒரு பெரியவர் தேன் கொண்டுவந்து படத்தின் முன்னால் வைத்தார். பந்தியில் அவர்களை எங்கே உட்காரவைப்பது என்று நம் சொந்தக்காரர்களில் இருவர் தயங்கினார்கள். என் மருமகள் அந்தப் பெரியவரின் கையைப் பிடித்து முதல் வரிசையில் உட்காரவைத்துத் தானே பரிமாறினாள். அப்பன் பெயர் அங்கே நின்றது.

அந்தப் பிள்ளை விவசாயம் படித்தவள். ஓராண்டாக அப்பாவுடனேயே தோட்டத்தில் நின்று பழகியிருக்கிறாள். வெளியூர் வேலைக்குப் போக மாட்டேன், தோட்டங்களை நானே பார்க்கிறேன் என்கிறாள். அவள் அப்பா வாய்ச்சொல்லில் நடத்தினார். அவளை அப்படி நடத்தச் சொல்லக் கூடாது. நாளைக்கு ஒரு மரம் விழுந்தால் இன்னொரு மடல் வரும், அப்போது பதில் சொல்ல என் மாப்பிள்ளையின் நோட்டுகள் இருக்காது.

ஆகையால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் முடிவு சொல்லுங்கள். அவளிடம் விடுவதாக இருந்தால் எழுத்தில் குத்தகைப் பத்திரம் போடுங்கள், ஐந்து ஆண்டுக்குக் குறையாமல். விலை இறங்கும் ஆண்டில் நஷ்டத்தில் பாதி நம்முடையது என்று அதில் எழுதுங்கள். விட விருப்பம் இல்லை என்றால் நீங்களே ஆள் வைத்துக்கொள்ளுங்கள். வெறுமனே போட்டுவைக்க மட்டும் யாருக்கும் உரிமை இல்லை, வண்டு வேலியைப் பார்த்துப் பறப்பதில்லை. விற்கத்தான் போகிறீர்கள் என்றால் வெளியாளிடம் போவதற்கு முன்னால் இந்தக் குழுவில் சொல்லுங்கள், சேர்ந்து வாங்க முடியுமா என்று பார்ப்போம்.

காலம் இல்லை. மாசி பாதி போய்விட்டது. பங்குனியில் பூ மழை விழுந்து செடியெல்லாம் பூத்துவிட்டால் உள்ளே ஆள் நடமாட முடியாது. அதற்குள் செடியில் கறுத்த பழத்தைத் தட்டி, உதிர்ந்ததைப் பொறுக்கி எரிக்க வேண்டும். அவன் போன பிறகு பாதியில் நின்ற அந்த வேலைக்கு ஆள் கூலி கொடுக்க வேண்டும். பதினாறாம் நாள் வந்த அதே பெண்கள் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். வளைவுக்கென்று ஒதுக்கிய 15,000 ரூபாயை முதலில் இதற்கு அனுப்புங்கள். என் பங்கையும், வசதி இல்லாத கிணற்றடி வீட்டின் பங்கையும் நான் அனுப்பிவிட்டேன். செலவின் ரசீது ஒவ்வொன்றும் படமாக இந்தக் குழுவுக்கு வரும். சித்தப்பாவே தணிக்கை செய்யட்டும், அவரைவிடக் கண்டிப்பான ஆள் நமக்குக் கிடைக்க மாட்டார்.

2001, 2002-ஆம் ஆண்டுப் பற்று ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு என்பதைத் தனித்தனியாக அவரவருக்கு மடலில் அனுப்புகிறேன், பொதுவில் போட மாட்டேன். கொடுப்பவர்கள் தங்கையின் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். அவள் வேண்டாம் என்பாள். கேட்காதீர்கள், செலுத்துங்கள்.

சித்திரை முழுவதும் ஊரில் இருப்பேன், பத்திர வேலைகளை உடனிருந்து முடித்துத் தருகிறேன். அதுவரை கணக்குக் கேட்டு யாரும் மேட்டு வீட்டுக்குத் தொலைபேசி செய்ய வேண்டாம். என்னிடம் கேளுங்கள், எந்த நேரமாக இருந்தாலும் எடுப்பேன்.